முழுகாத மாதம்

மொழி சில வேளைகளில் மருத்துவ நூலை முந்திக்கொள்கிறது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு பெண் கருவுற்றிருப்பதை "அவள் முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வது வழக்கம். மாதவிடாய் கழிந்ததும் தலை முழுகுவது மரபு. மாதவிடாய் வராதவிடத்து அந்த முழுக்கும் இல்லை. கர்ப்பத்தின் முதலாவது அடையாளம் எதுவோ, அதுவே கர்ப்பத்துக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. முள்ளியவளையில் பிறந்து வளர்ந்த நாங்கள் இச்சொல்லைச் சிறு பராயம் முதற்கொண்டே கேட்டு வந்திருக்கிறோம். அதன் பொருளை எங்களுக்கு விளக்கியவர் ஒருவருமிலர்.

நாளை எண்ணியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். துடக்கு விதிகள் ஒரு பெண்ணின் உடற்கணக்கை வீட்டாரின் பொதுக்கணக்காக்கின. எந்நாளில் அவள் அடுக்களையை விட்டு ஒதுங்கினாள் என்பதை மாமியார் அறிவார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே திரண்டு போகும்போது வீட்டில் நின்றுவிட்டவள் யார் என்பதை அயலும் அறியும். "மருமகள் முழுகாமல் இருக்கிறாளோ?" என்ற கேள்வி மாமியாரிடந்தான் கேட்கப்படும், மருமகளிடம் அன்று. ஊர் எண்ணிய கணக்கை உரியவள் மாத்திரம் வாய்விட்டுச் சொல்லலாகாது! இந்த வெட்கத்தை நாம் பண்பாடு என்று போற்றி வந்திருக்கிறோம்.

கணக்கு என்னவோ நல்ல கணக்குத்தான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்று மருத்துவம் பேற்று நாளைக் குறிக்கிறது. நம்மவர் சொல்லும் பத்து மாதமும் அதுவேயாகும். 28 நாள் கொண்ட மாதங்கள் பத்தெடுத்துக் கூட்டிப் பார்த்தால் அதே எண் வரும்.

மாதவிடாய் தவறுவதன் பின் மற்ற அடையாளங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. மார்பு கனத்து நோகும். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும். காரணமின்றி உடல் சோரும். ஆறாம் கிழமையளவில் பலருக்குக் குமட்டலும் சத்தியும் தொடங்கும். நேற்றுவரை விரும்பிய கஞ்சி மணமும் மீன் வெடுக்கும் இன்று பொறுக்கமாட்டா. சிலருக்குக் கரு பதியும் வேளையில் சிறிது இரத்தம் கசிவதுண்டு. அதனை மாதவிடாயென்றே எண்ணி ஏமாறுவாருமுளர். மண்ணும் பச்சையரிசியும் தின்னும் ஆவலை மசக்கையின் விளையாட்டென்று சிரித்துத் தள்ளுகிறோம். அது பெரும்பாலும் இரத்தச்சோகையோடு சேர்ந்து வருவது. இரும்புச்சத்துக் குறைந்த உடலின் முறையீடு.

ஆனால் இவ்வடையாளங்கள் எல்லாப் பெண்களிடத்தும் ஒரே தெளிவாகப் பேசுவதில்லை. வறுமை அவற்றை மறைத்துவிடுகிறது. சோர்வும் சத்தியும் தலைச்சுற்றும் மலேரியாவுக்கும் உரியவை. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 ஆம் ஆண்டிலேதான்; அதற்கு முந்திய தலைமுறைகளில் வன்னிக் காட்டோரத்துப் பெண் தன் வாந்தியைக் காய்ச்சலின் கணக்கில் எழுதிக்கொண்டதில் வியப்பில்லை. பாலூட்டும் தாய்க்கு மாதவிடாய் மாதக்கணக்கில் வராதிருக்கலாம். வராமலே அடுத்த கருவும் தங்கலாம். பசியும் பேரச்சமுங்கூட மாதவிடாயை நிறுத்தவல்லன. 1944-45 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒல்லாந்து நாட்டுப் பெண்கள் பலருக்கு அவ்வாறு நின்றதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். எங்கள் ஊரார் 2008 இன் இறுதியில் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை ஓடி, 2009 இல் செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஓட்டத்தில் முழுகவும் நீரில்லை, முழுகாமைக்குப் பொருளுமில்லை. எங்கள் அயலிலே ஒருத்தி, பட்டினியால் நின்றதென்றே நம்பியிருந்து, வயிற்றிலே பிள்ளை அசைந்த பின்னரே உண்மையறிந்தாள்.

பிந்தி அறிவதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மூளையும் முண்ணாணும் ஆகவேண்டிய நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளளவில் மூடிவிடுகிறது. அப்பொழுது மாதவிடாய் தவறி இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும். அக்குழாய் சரியாக மூடத் துணைசெய்வது ஃபோலிக் அமிலம். "மூன்று மாதம் போகட்டும், பிறகு சொல்லலாம்" என்று காத்திருப்பவளுக்கு அக்குளிசை வந்து சேரும்போது அதன் முதன்மையான வேலைக்காலம் கடந்துவிடுகிறது. ஆகவே பிள்ளையை விரும்புவோர் கருத்தரிக்கு முன்னரே அதனை உட்கொள்வது நன்று. மாதவிடாய் தவறியவளுக்கு அடிவயிற்றில் ஒருபுறமாகக் கடும் நோவும் மயக்கமும் வந்தால், அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாயிருக்கலாம். அவளை ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

1920களின் இறுதியில் பெர்லின் நகரத்து மருத்துவர்களான அஷ்ஹைமும் சொண்டெக்கும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, நாட்கணக்கில் காத்திருந்து கர்ப்பத்தை அறிந்தனர். இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஒரு சிறு பட்டி சில நிமிடங்களில் அதனைச் சொல்லுகிறது. விஞ்ஞானம் கிழமைகளை நிமிடங்களாக்கியது. வெட்கம் நிமிடங்களை மீண்டும் மாதங்களாக்குகிறது.

இந்நாட்டில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியே வளர்ந்த சேவையில் மருத்துவமாது வீடு தேடி வரலானாள். 1940களின் முற்பகுதியில் இலட்சம் பிறப்புக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. இலவச வைத்தியமும் பெண்கல்வியும் அந்த மாதரின் கால்நடையும் ஈட்டிய வெற்றி இது.

எனினும் மருத்துவமாது படலையைத் திறந்து வரும் வேளையில், பிள்ளைத்தாச்சி நாட்கூலிக்குக் களை பிடுங்கப் போயிருந்தால் யாது செய்வது? ஒருநாள் நின்றால் ஒருநாட் கூலி போகும். கர்ப்பமென்று சொன்னால் நாளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் வேறு. அவள் மறைப்பது அறியாமையாலன்று, அடுப்பெரிய வேண்டியதனால்! ஆதலின் அடையாளங்களைக் கற்பித்தால் மட்டும் போதாது. பாடசாலையிலே மகளுக்கு மாத்திரமன்றி மகனுக்கும் இது கற்பிக்கப்பட வேண்டும். வயலிலே கூலி குறையாமல் கிளினிக்குக்குப் போய்வரும் உரிமை வேண்டும். நாட்கணக்கு அவளுடையது. அதனை அவள் வெட்கமின்றி, அச்சமின்றி, முதலில் தானே சொல்லட்டும். கேட்டதும் அவளுடைய சுமையிற் பங்குகொள்ள வேண்டியவர்கள் நாம்.