மூன்று பெயர்களின் குன்று

ஊர்ப்பெயராய்வு கற்பிக்கும் நம்மை நெடுநாள் ஈர்த்து வந்தது தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவை ஒட்டிய படைத்தளம் ஒன்றின் பெயர். போயர் போரில் வென்ற ஆங்கிலேயர் தம் தளபதியின் பெயரால் அதை ‘ராபர்ட்ஸ் ஹைட்ஸ்’ என்றனர். ஆப்பிரிக்கானர் தம் முன்னோரின் பெரும்பயண நூற்றாண்டை 1938-இல் கொண்டாடியதை அடுத்து, அது ‘ஃபூர்ட்ரெக்கர்ஹூக்டே’ ஆயிற்று. 1998 முதல் ‘தாபா ட்ஷ்வானே’. ஹைட்ஸ், ஹூக்டே, தாபா என மும்மொழியிலும் பொருள் மேடு அல்லது குன்றுதான். ஆள்வோர் மாறினர், குன்று மாறவில்லை.

நிறவெறியை எதிர்த்த உம்கோண்டோ வெ சிஸ்வே, 1981 ஆகஸ்டில் இத்தளத்தின்மீது ராக்கெட்டுகளை ஏவியது. 1994-இல் அவ்விரு படைகளும் ஒரே தேசியப் பாதுகாப்புப் படையில் இணைந்தன. நேற்றைய பகைவர் ஒரே சீருடை அணிந்தனர். பெயர்மாற்றத்தை வெறும் பலகை மாற்றம் என்று கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை.