கூடத்துக்குள் ஒரு சமுத்திரம்

தாம்பரம் ரயில் பாதையில் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இங்கிலாந்தில் க்ஷயரோக வைத்தியம் செய்து பெயர் பெற்ற நம் நாட்டு டாக்டர் சௌரி முத்து, 1928-ல் இங்கே க்ஷயரோகிகளுக்காக ஓர் ஆரோக்கிய ஸ்தலத்தை ஸ்தாபித்தார். 1937-ல் அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மீன் தொட்டியைப் பற்றிச் சொல்ல வந்த நாம் இதை ஏன் சொல்லுகிறோம் என்பது பின்னால் விளங்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் தாம்பரத்தில் இறங்கி, சேலையூரில் உள்ள நண்பர் வீட்டுக்குச் சென்றோம். கடற்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்த வீட்டின் கூடத்தில் ஒரு சமுத்திரமே இருந்தது! நீல விளக்கின் கீழே கடற்சாமந்திகள் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன்கள் ஒளிந்து விளையாடின. ஒரு மூலையில் சிங்கமீன் ஒன்று, விசிறி விசிறியாய்ச் செட்டைகளை விரித்து ராஜா போல் நின்றது.

1909-ல் சென்னை மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தபோது, ஜனங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து அதிசயித்துத் திரும்பினார்கள். நம் நண்பரோ வாரந்தோறும் கையை உள்ளே விட்டுப் பாறைகளைத் துடைப்பவர். அவருடைய வலது கையில் அன்று கட்டுப் போட்டிருந்தது.

"சிங்கமீன் கொட்டிவிட்டதா?" என்று கேட்டோம்.

"அதுவாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே, ஸார்!" என்றார் நண்பர்.

பாறை கீறிய சின்னக் காயம்தான். மூன்று வாரம் சென்று, அந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கிளம்பிற்று. வலி அதிகமில்லை. பிறகு புறங்கையில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று என்று வரிசையாக ஏறிற்று. ஒரு வைத்தியர் ஒவ்வாமை என்றார். மற்றொருவர் களிம்பு கொடுத்தார். நான்கு மாதம் கழிந்தது. கடைசியாகப் பார்த்த வைத்தியர்தான், "வீட்டில் மீன் தொட்டி உண்டா?" என்று கேட்டாராம்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளிப்பட்டது. இந்தக் கிருமி க்ஷயரோகக் கிருமிக்கு நெருங்கிய உறவு. 1926-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மீன் காட்சிசாலையில், இறந்த கடல் மீன்களில் இதை முதலில் கண்டறிந்தார்கள். நன்னீர்த் தொட்டியிலும் இது உண்டு. உடம்பின் உள்வெப்பம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. 30 டிகிரியில்தான் செழிக்கும். ஆகையால் சற்றுக் குளிர்ந்திருக்கும் கைத் தோலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பரிசோதனைச் சாலையில் வழக்கமான 37 டிகிரியில் வைத்து வளர்த்தால் பல சமயம் வளராமல் ஏமாற்றிவிடும். ஆகவே தொட்டியின் சங்கதியை வைத்தியரிடம் முதலிலேயே சொல்வது அவசியம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஆனால் மருந்து மட்டும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

மாலையில் நண்பருடன் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நீலாங்கரைக் கடற்கரைக்குப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த வயோதிக மீனவர் ஒருவர் நண்பரின் கட்டைப் பார்த்தார்.

"என்ன சாமி, சொறி பட்டுதா?"

கதையைச் சொன்னோம். கிழவர் சிரித்தார். "நாங்க கடலுக்குள்ளே போறோம், நீங்க கடலை வூட்டுக்குள்ளே கூட்டியாறீங்க! சொறி பட்டா தேய்க்கப்படாதுங்க; கடல் தண்ணியிலேயே அலசணும். திருக்கை முள்ளு குத்தினா சுடு தண்ணி."

கிழவர் சொன்னதைத்தான் வைத்திய நூல்களும் சொல்லுகின்றன. சொறிக்கும் கடற்சாமந்திக்கும் தோலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விஷப் பைகள். ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஒரு நூல் ஊசி. தொட்டால் பாயும், தேய்த்தாலும், நல்ல தண்ணீர் விட்டாலும் மிச்சமும் பாயும். செத்துக் கரையில் ஒதுங்கிய சொறிகூடக் கொட்டும். திருக்கை, கெளுத்தி, சிங்கமீன் இவற்றின் முள் விஷமோ சூட்டுக்கு அடங்குவது. ஏறக்குறைய 45 டிகிரிச் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை கையை வைத்திருக்க வேண்டும். வலியில் சூடு தெரியாது. ஆகையால் நல்ல கையை முதலில் விட்டுப் பார்த்துக்கொள்வது உத்தமம். மூச்சு முட்டினாலும், முள் உள்ளே முறிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரவு ரயிலில் திரும்பும்போது சானடோரியம் ஸ்டேஷன் வந்தது. நோயின் அண்ணனை விரட்ட முன்னோர் இங்கே ஆஸ்பத்திரி கட்டினார்கள். நாமோ தம்பிக்குக் கூடத்தில் நீல விளக்குப் போட்டு இடம் கொடுக்கிறோம்! தொட்டியே கூடாதென்பது நம் அபிப்பிராயமல்ல. குழந்தைகள் அதன் முன்னே மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கும் ஆனந்தத்தை நாமும் கண்டோம். கையில் காயமிருந்தால் உள்ளே விடாதீர்கள். முழங்கை மட்டும் ரப்பர் உறை போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் அலசாதீர்கள்.

நாம் புறப்படும்போது நண்பரின் மனைவி, தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு ஜோடி ரப்பர் உறையை மாட்டிக்கொண்டிருந்தார்.