கொண்டு சேர்க்கும் பொறுப்பு

விருந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது உணவின் சுவையே. அவ்வுணவு சமைத்த வீட்டிலிருந்து விருந்து நடைபெறும் இடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வடையும் இட்டலியும் வழிக்குலுக்கலை ஓரளவு தாங்கும். வீட்டில் சுட்டெடுத்த அணிச்சலோ அத்தகையதன்று. செய்வதற்கு வேண்டிய கவனத்தில் பாதியேனும் அதைக் கொண்டு செல்வதற்கும் வேண்டும்.

நமது கோலா சிலாங்கூர் வட்டாரம் தோட்டங்கள் நிறைந்தது. மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைச் சாகுபடி 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேதான் தொடங்கியது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும், 2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் பட்டணத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் நான் வளர்ந்தேன். எங்கள் செம்மண் சாலையில் மழைக்காலத்தில் குழிகளும் வெயில் காலத்தில் புழுதியும் மிகுந்திருக்கும். லயத்து வீட்டில் மின்னடுப்பு ஏது? மாவு ஊற்றிய சட்டியின் கீழே தணல், மூடியின் மேலும் தணல். இவ்வாறுதான் அணிச்சல் வெந்தது. முட்டையும் வெண்ணெயும் சீனியும் பால்மரம் வெட்டும் குடும்பத்தார் பலநாள் சேமித்து வாங்குபவை. ஆகவே, அந்த அணிச்சல் சிதையாமல் போய்ச் சேர வேண்டுமே என்பது வீட்டார் அனைவரின் கவலையாகவும் இருந்தது.

என் தாயார் இதில் மிகவும் கண்டிப்பானவர். நன்றாக ஆறும் வரை டின்னை மூட விடமாட்டார். சூட்டோடு மூடினால் உள்ளிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு நீர்த்துளியாகி அணிச்சலின் மீதே சொட்டும், மேற்பகுதி பிசுபிசுக்கும், பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும். அன்றியும், சூடாக இருக்கும்போது எளிதில் உடையும் அணிச்சல், ஆறிய பின்னரே இறுகி உறுதி பெறும்.

அடுத்ததாக, டின்னுக்குள் இடைவெளி இருக்கக் கூடாது என்பார். சதுரமான பிஸ்கட் டின்னின் அடியில் துணியை மடித்து விரித்து, சுற்றிலும் தூய தாளைக் கசக்கி அடைப்பார். அணிச்சலை வெட்டாமல் முழுதாகவே அனுப்புவார். வெட்டிய முகம் காற்றில் உலர்ந்துவிடும் அல்லவா? பிஸ்கட்டை வேறொரு டின்னில் வைப்பார். அணிச்சலோடு சேர்த்து வைத்தால் அதன் ஈரத்தை உறிஞ்சி, பிஸ்கட் மொறுமொறுப்பை இழந்துவிடும். மிதிவண்டியின் பின்தாங்கியில் டின்னைக் கட்டவும் விடமாட்டார். சாலைக் குழிகளின் அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் விழும். குழி மிகுந்த இடங்களில் இறங்கி, டின்னைக் கையில் ஏந்தி நடக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

ஆண்டுதோறும் மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம். நான் படித்த காலத்தில் ஒரு முறை, தொலைவிலிருந்த லயத்திலிருந்து வந்த வகுப்புத் தோழி ஒருத்தி டின்னைத் திறந்து பார்த்தாள். பெரிய டின்னுக்குள் சிறிய அணிச்சல் வழி முழுவதும் மோதி மோதி உதிர்ந்து கிடந்தது. விடியுமுன் மரம் வெட்டச் செல்லும் அவளுடைய தாயார் முதல்நாள் இரவு கண்விழித்துச் செய்தது அது. அவள் ஒன்றும் பேசாமல் டின்னை மூடி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதைக் கவனித்துவிட்ட எங்கள் ஆசிரியை ஒரு கிண்ணமும் கரண்டியும் கொண்டுவரச் சொன்னார். உதிர்ந்ததை அள்ளி, முதலில் தாம் உண்டார். பிறகு எங்களுக்கும் வழங்கினார். அன்று முதலில் காலியானது அந்த டின்தான்!

விருந்தினரின் மனத்தைத் திருவள்ளுவர் அனிச்ச மலரோடு ஒப்பிட்டார். விருந்துக்கு ஒன்றைக் கொண்டுவருபவரின் மனமும் அதுபோல் மென்மையானது என்பதை அன்று அறிந்தேன்.

இன்று நம்மில் பலர் காரில் செல்கிறோம். ஆயினும் கவனம் குறையலாகாது. காரின் இருக்கை பின்புறம் சாய்ந்திருக்கும். ஆகவே, பெட்டியைச் சமமான தரைப்பகுதியில் வைப்பதே நன்று. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகும். நம் நாட்டு நண்பகல் வெயிலே பெரும்பாலும் அவ்வளவு இருக்கும். மூடிய காருக்குள் வெப்பம் இன்னும் மிகும். எனவே, வெண்ணெய்ப் பூச்சிட்ட அணிச்சலை நன்கு குளிரவைத்து, வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும்.

மாணவ மணிகளே! அடுத்த விழாவுக்கு உங்கள் அன்னையார் ஏதேனும் செய்து கொடுத்தால், அதன் பின்னால் உள்ள உழைப்பை எண்ணி, பதமாக ஏந்திச் செல்லுங்கள். நண்பன் கொண்டுவந்தது வழியில் உடைந்திருந்தால் நகைக்காதீர்கள். முதல் ஆளாகக் கைநீட்டி வாங்கி உண்ணுங்கள்.