ஒரு திரையும் இரு பொறிகளும்

எங்கள் இல்லத்தில் மேசை ஒன்று. அதனைப் பயன்கொள்வோர் இருவர். என் தந்தையார் இளமையில் ஈய எழுத்துக்களைக் கோத்து வாழ்ந்தவர். அச்சுக்கூடம் மூடப்பட்டபின், கைம்மாறி வந்த அலுவலகக் கணிப்பொறி ஒன்றை வாங்கி, அழைப்பிதழ்களும் சிறு நூல்களும் பிழைதிருத்திக் கொடுத்து வருகிறார். யானோ முதுகலை ஆய்வேட்டை மடிக்கணினியில் எழுதுபவன். சென்ற கோடையில் அவரது பழைய மானிட்டர் பாதி இருண்டு போயிற்று. எனது 14 அங்குலத் திரைமுன் குனிந்து குனிந்து என் கழுத்தும் நோவெடுத்திருந்தது. கையிலிருந்த பணம் ஒரு திரைக்கே போதுமாதலின், இரு பொறிகளுக்கும் பொதுவாக ஒன்று வாங்கத் துணிந்தோம். இஃது எளிய காரியமென்று நண்பர்கள் நினைக்கக்கூடும். யானும் அவ்வாறே நினைத்தேன்.

கடைக்காரர் முதலிற் காட்டியது 27 அங்குலத் திரை, விலையும் நயம். அதில் ஓடிய படம் கண்ணைப் பறித்தது. தந்தையார் படத்தை நோக்கினாரில்லை. சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்து, தாம் திருத்திக்கொண்டிருந்த பக்கத்தைத் திறக்கச் சொன்னார். நெடுநேரம் உற்று நோக்கி, "தேய்ந்த எழுத்தைப்போல் இருக்கிறது, தம்பி. மேலே புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை" என்றார்.

காரணம் பின்னரே எனக்கு விளங்கிற்று. அத்திரையின் ஒளிப்புள்ளிகள் அகலத்தில் 1920, உயரத்தில் 1080. அவை 27 அங்குலத்திற் பரவும்போது அங்குலமொன்றுக்கு ஏறக்குறைய 82 தான் தேறும். 24 அங்குலத் திரையாயின் 92 ஆகும். 2560க்கு 1440 என்னும் அளவுடைய 27 அங்குலத் திரையிலோ 109 வரை கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கு 82 ஒருவாறு போதும் போலும். ணகரத்தின் சுழிகளுக்கும் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கும் அது போதாது. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடுமன்றோ! ஆயின் நுண்ணிய திரையில் எழுத்துத் தெளிவானாலும் உருச் சிறுத்தது. அளவை 125 விழுக்காடாக உயர்த்திக் காட்டச் செய்தபின்னரே தந்தையார் முகம் மலர்ந்தது. கண் மங்குகிறதென்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டவரல்லர். அங்கும், "கடையில் வெளிச்சம் போதவில்லை" என்றார்.

யூ.எஸ்.பி.-சி கம்பி ஒன்றினாலேயே படத்தைப் பெற்று, மடிக்கணினிக்கு மின்சாரமும் ஊட்டும் திரைகள் உண்டு. விலை மிகுதியாயினும் அவற்றின்மேல் எனக்கு ஆசை. நல்வேளையாகப் பணம் கொடுக்குமுன் என் மடிக்கணினியின் கையேட்டைப் பார்த்தேன். அதன் யூ.எஸ்.பி.-சி வாய் தரவுக்கு மட்டுமே உரியது. படம் அதன்வழிச் செல்லாது. ஆகவே மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. வழியாகவும், தந்தையாரின் பொறியை டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவும் பூட்டினோம். விசைப்பலகையும் மவுசும் சிறியதொரு யூ.எஸ்.பி. மாற்றியால் இருவருக்கும் பொதுவாயின.

யான் கேட்க மறந்தது ஒன்று உண்டு. ஒரு பொறியிலிருந்து படம் வருவது நின்றால், திரை தானே மற்றப் பொறியைத் தேடிச் செல்லும். ஓரிரவு தந்தையார் உணவருந்தி மீள்வதற்குள் அவர் பொறி படம் அனுப்புவதை நிறுத்தியிருந்தது. திரை என் ஆய்வேட்டிற்குத் தாவிவிட்டது. விசைப்பலகை மட்டும் அவர் பொறியிலேயே இருந்தது. அவர் தட்டியவை ஒன்றும் திரையில் தோன்றவில்லை. அவையாவும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மணவழைப்பிற் புகுந்தன. காலையிற் பார்த்தபோது மணமகனின் பாட்டனார் பெயரையே காணோம்.

தந்தையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார். "கண் போய்விட்டது, தம்பி. இனி இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்றார். அவர் வாயிலிருந்து அச்சொல் வரக் கேட்டது அதுவே முதன்முறை. யான் உடனே இரு பொறிகளையும் இயக்கி, இரவு நிகழ்ந்ததை அவர் கண்முன் மீண்டும் நிகழ்த்திக் காட்டினேன். பின்பு திரையின் பட்டியலிற் புகுந்து அத்தானியங்கித் தேடலை அணைத்தேன். அவர் ஒன்றும் பேசாது பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்துக் கண்ணாடியை எடுத்து அணிந்து, "ராத்திரி பார்த்தது உன் பக்கமா? அதில் மூன்று இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். அதைத் திற" என்றார்.