அழித்துவிட்டு வயசு கேட்கும்!

சனிக்கிழமை சாயங்காலம், கிளம்பும் நேரத்தில் போன். சர்வரில் டிஸ்க் ஃபுல்லாம். 'டிஎஃப்' தட்டினால் 100 சதவிகிதம் என்கிறது. 'டியூ' அடித்துத் துருவியதில், யாரும் படிக்காத பழைய ரிப்போர்ட்டுகள் மலையாகக் கிடந்தன.

லினக்ஸில் இதற்கென்றே 'ஃபைண்ட்' இருக்கிறது. எந்த டைரக்டரி, எத்தனை நாள் பழசு, கிடைத்ததை என்ன செய்ய எல்லாம் ஒரே வரியில் சொல்லலாம். 'எம்டைம் +30' என்றால் 30 நாளைத் தாண்டியவை (கறாராகச் சொன்னால் 31 முழு நாள் முடிந்திருக்க வேண்டும்). 'டெலீட்' என்றால் தெரியுமே!

அவசரத்தில் நான் டெலீட்டை முன்னாலும் எம்டைமைப் பின்னாலும் போட்டுத் தொலைத்தேன். நம்ம பேச்சில் 'பழசை அழி', 'அழி பழசை' இரண்டும் ஒன்றுதான். ஃபைண்டுக்கு அப்படியில்லை சார். இடமிருந்து வலமாகத்தான் போகும். முதலில் தூக்கு, அப்புறம் விசாரணை!

அரை நிமிஷத்தில் நேற்றைய ரிப்போர்ட் உள்பட அத்தனையும் காலி. வயிற்றில் புளி கரைத்தது.

காப்பாற்றியது நாலு வரி ஸ்கிரிப்ட் ஒன்று. ராத்திரி 2 மணிக்கு 'கிரான்' தானாகவே அதை ஓட்டும். டைரக்டரியை 'டார்' மூட்டையாகக் கட்டி வேறு மெஷினில் போட்டுவிடும். எழுதியவன், சம்பளம் போதவில்லை என்று போன வருஷம் விலகிப்போன பையன். சனிக்கிழமை பகலில் சேர்ந்தது மட்டும் போச்சு. அக்கவுண்ட்ஸில் கெஞ்சி மறுபடி எடுக்கவைத்தேன்.

இப்போதெல்லாம் முதலில் 'பிரிண்ட்' போட்டு லிஸ்ட்டைப் படித்துவிட்டுத்தான், வரியின் கடைசியில் டெலீட்.

அன்றிரவு மானேஜர் போன் பண்ணினார்.

"என்னப்பா, டிஸ்க்ல இடம் கிடைச்சுதா?"

"தாராளமா இருக்கு சார்!"