சிவப்பு மைக்கோடு

போன வைகாசியில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் எதிரே வந்து நின்று, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். முகம் பிடிபடவில்லை. பையனின் தோளில் வைத்திருந்த வலது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தீத்தழும்பு. அது தெரிந்தது. பெயரும் வந்துவிட்டது.

"பையன் அஞ்சாவது முடிச்சிட்டான் சார். ஆறாவது எந்த ஸ்கூல்ல போடலாம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்." கையில் மூன்று பள்ளிகளின் நோட்டீஸ் வைத்திருந்தாள். மூன்றிலும் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி.

அந்தத் தழும்பை நான் எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுப் பிறந்த தேதி, தகப்பன் பெயர், அங்க அடையாளம் இரண்டு என்று கேட்டு எழுதுவோம். பெரும்பாலும் மச்சம்தான் கிடைக்கும். இவள் கையை நீட்டி, "சூளையில சுட்டது சார், போட்டுக்கோங்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

செங்கல் சூளைக்குப் பருவம் தை முதல் ஆனி வரை. மழை நின்றால்தான் கல் அறுக்க முடியும். பங்குனி சித்திரையில் நடக்கும் பொதுத்தேர்வு அதற்கு நட்டநடுவில் விழுகிறது. மானாம்பதி, சாலவாக்கம் பக்கத்துப் பள்ளிகளின் ரிசல்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பொங்கல் முடிந்ததும் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகும். அப்பா அம்மாவோடு தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போன மூத்த பெண்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் அவை.

இவள் வகுப்பை ஏழாவதில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் அதில்: முப்பது குடும்புகள், குடவோலை, ஓலையை எடுக்க விவரமறியாத ஒரு சிறுவன். பிள்ளைகளுக்கு அந்தச் சிறுவனைத்தான் பிடிக்கும், தங்கள் வயதுக்காரன் என்று. இவள் மட்டும் வேறு இடத்தில் நின்றுவிட்டாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஓலையில் இடம்பெறக் கூடாது என்ற விதி. "மாமன் மச்சான்கூடவா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுவரைத் தடவிப் பார்த்தாள்.

எங்கள் கணக்கு எப்படியிருந்தது? ரிசல்ட் வந்த மறுவாரம் கூட்டம். தேர்ச்சி குறைந்த பள்ளியின் ஹெச்.எம். எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நாற்பது பேர் எழுதிய பள்ளியில் ஒருவன் தவறினால் இரண்டரை சதவீதம் போய்விடும். இருநூறு பேர் எழுதிய பள்ளியில் அதே ஒருவன் அரை சதவீதம்தான். இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதுவார்கள். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமோ ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் வரைக்கும் நீண்டது. 2012-இல் சமச்சீர் பாடத்திட்டத்தில் முதல் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்தபோது மெட்ரிக் பள்ளிகளும் அதே தேர்வுக்கு வந்துவிட்டன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட சராசரி என்ற சொல் மாறவில்லை. அதற்குள் இருக்கும் ஊர்கள் மாறிவிட்டன.

2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். முதல் மூன்று பிள்ளைகளின் படத்துக்காக மீதிப் பேரை மறந்த காலம் அது. ஆனால் சதவீதம் நிற்கவில்லை. 2025-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80, முதலிடம் பிடித்த சிவகங்கை 98.31. இவை தேர்வு எழுதியவர்களில் தேறியவர்களின் கணக்கு. எழுத வராத பிள்ளை வகுபடும் எண்ணிலேயே இல்லை. எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. வடிகட்டும் வேலை ஒன்பதாவதுக்கு நகர்ந்தது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவேட்டில் ஒரு எண் இருக்கிறது. டி.சி. வாங்கிப் போன பிள்ளையின் பெயர் காமன் பூலில் கிடக்கும், எந்தப் பள்ளியாவது எடுத்துக்கொள்ளும் வரை. ஆறாவதில் சேர்ந்தவர்கள் எத்தனை, அவர்களில் பத்தாவது எழுதியவர்கள் எத்தனை என்று ஊர் ஊராகப் பார்க்க இன்று வழி இருக்கிறது. பள்ளிகளை ஒப்பிடுவதென்றால் அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இவள் பத்தாவது படித்தது 2008-இல். நாமினல் ரோலைக் கடைசியாகச் சரிபார்த்த அன்று, வருகை குறைவு என்று சில பெயர்களை எடுக்கச் சொன்னார்கள். எல்லாம் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகள். வருகை குறைந்த, நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் பட்டியலில் அப்படியே இருந்தான். நான் கணக்கு வாத்தியார். எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டேன். அங்க அடையாளம் எழுதிய கட்டத்தின் மேலும் அந்தக் கோடு போனது. "அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதலாம்மா" என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வருஷம் எங்கள் பள்ளி நூறு சதவீதம். கேசரி கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ்களை வாங்கி மடித்து அவளிடமே கொடுத்தேன். "மூணு இடத்துலயும் போய், ஆறாவதுல எத்தனை பேரு சேர்ந்தாங்க, அதுல பத்தாவது எத்தனை பேரு எழுதினாங்கன்னு கேளும்மா. சொல்ற ஸ்கூல்ல போடு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நம்ம பேட்ச்ல எத்தனை பேரு சார் சேர்ந்தோம்?"

"அறுபத்திரண்டு."

"எழுதினது?"

"நாற்பத்தேழு."

பையன் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தான். மானாம்பதி பஸ் வந்து நின்றிருந்தது.