சேவாகிராமத்தில் ஒரு காமிரா

புகைப்படம் எடுப்பதற்கென்றே பிரயாணம் செய்கிறவர்கள் ஆக்ராவுக்குப் போவார்கள். காசியின் படித்துறைகளுக்குப் போவார்கள். இமயத்தின் சிகரங்களைத் தேடிப் போவார்கள். வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்துக்குக் காமிராவுடன் போகப் போவதாக ஒருவர் சொன்னால், "அங்கே படம் எடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களே அதிகம். கேள்வி நியாயமானதுதான். அங்கே கோபுரம் இல்லை, அருவி இல்லை, கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த சில குடில்களும், சில மரங்களும், சுத்தமாகப் பெருக்கிய முற்றங்களுமே உண்டு. ஆயினும், தினசரி வாழ்க்கையின் சாதாரணக் காட்சிகளைப் படம் பிடித்து அதில் ஆனந்தம் அடைய விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

சென்னையிலிருந்து டில்லிக்குச் செல்லும் ரயில் பாதையில், பல்ஹார்ஷாவைத் தாண்டிய பின், நாகபுரியை அடைவதற்கு முன்னால் சேவாகிராம் ஸ்டேஷன் வருகிறது. அங்கிருந்து ஆசிரமம் சில மைல் தூரம். 1936-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மகாத்மா காந்தி இங்கே குடியேற வந்தபோது ஊருக்குச் சேகாவ் என்று பெயர். ஏறக்குறைய அதே பெயரில் வேறோர் ஊரும் இருந்தபடியால் தபால்கள் தடம் மாறிப் போய்க் கொண்டிருந்தன. 1940-இல் சேவாகிராமம் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது.

முதலில் கட்டப்பட்ட குடில் ஆதி நிவாஸ். அதற்கு அருகே கஸ்தூரிபா வசித்த பா குடிலும், பிற்காலத்தில் மகாத்மா வசித்த பாபு குடிலும் இருக்கின்றன. பாபு குடிலின் மண்சுவரில் மீராபென் தம் கையாலேயே பனைமரங்களையும் ராட்டையையும் புடைப்பாக வடித்திருக்கிறார். வைஸ்ராய் லின்லித்கோ பிரபு காலத்தில் வைக்கப்பட்ட டெலிபோன் கூண்டு ஒன்று உண்டு. பாம்புகளைக் கொல்லாமல் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடுவதற்கான பெட்டியும் உண்டு. மகாத்மா நட்ட அரசமரமும் கஸ்தூரிபா நட்ட மகிழமரமும் நிழல் தருகின்றன. பிரார்த்தனைக்கு மண்டபம் கிடையாது, திறந்த வெளிதான்.

இந்த எளிய இடத்தில்தான் கனு காந்தி என்ற இளைஞர் சுமார் பத்து வருஷ காலம் காமிராவும் கையுமாக நடமாடினார். அவர் 1917-இல் பிறந்தவர். நாரணதாஸ் காந்தியின் புதல்வர். மகாத்மாவுக்குப் பேரன் முறை. ஆசிரமத்தில் கணக்கு வழக்குகளையும் கடிதங்களையும் கவனித்துக் கொண்டிருந்த அவருக்குப் படம் எடுக்க ஆசை வந்தது. மகாத்மா சம்மதித்தார், ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். வெடிவிளக்கு உபயோகிக்கக் கூடாது. தம்மை இப்படி நில், அப்படித் திரும்பு என்று சொல்லக் கூடாது. இதற்காக ஆசிரமத்துப் பணத்தில் ஒரு காசும் செலவாகக் கூடாது.

தொழில்முறைப் படக்காரர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னால் காமிராவை மூடிவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். கனு திரும்பவில்லை. தடைகள் போலத் தோன்றும் இந்த மூன்றும் உண்மையில் மூன்று உபதேசங்கள் என்பது சேவாகிராமத்தில் ஒரு நாள் தங்கிப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, வெளிச்சத்தைப் பற்றியது. விதர்ப்பப் பிரதேசத்து நடுப்பகல் வெயிலில் மண்சுவர் வெறும் பழுப்பு நிறப் பரப்பாகவே தெரியும். காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது பாருங்கள்: வெயில் சாய்வாக விழ, மெழுகிய விரல்களின் தடம் ஒவ்வொன்றும் எழும்பி நிற்கும். ஓட்டுத் தாழ்வாரத்தின் நிழல் முற்றத்தில் கோடுகளாக விழும். வெடிவிளக்கு இந்த நிழல்களையெல்லாம் ஒரு கணத்தில் அழித்துவிடும். அது இல்லாதவனோ சூரியன் வரும் வழியைக் கவனிக்கக் கற்றுக் கொள்கிறான். இருண்ட அறையென்றால் ஜன்னலண்டை ஒதுங்குகிறான். காமிரா ஆடாமல் இருக்கத் தூணில் சாய்கிறான், அல்லது அதைத் தரையில் வைத்துவிடுகிறான். ஆனால் குடில்களுக்குள் படம் எடுப்பதானால் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வதே மரியாதை.

இரண்டாவது, மனிதர்களைப் பற்றியது. "இங்கே பார், சிரி!" என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளின் முகம் எப்படி மாறிவிடுகிறது! அந்தச் சிரிப்பு அவர்களுடையதன்று, நம்முடைய உத்தரவு. கனு உத்தரவிட முடியாதவர், ஆகையால் காத்திருந்தார். மகாத்மா எழுதும்போதும், நடக்கும்போதும், எடை பார்க்க நிற்கும்போதும், குஷ்டரோகத்தால் பீடிக்கப்பட்ட ஸம்ஸ்கிருத பண்டிதர் பர்ச்சுரே சாஸ்திரிக்குப் பணிவிடை செய்யும்போதும் எடுத்த படங்கள் அப்படிக் காத்திருந்து கிடைத்தவை. அவற்றில் காமிரா இருப்பதாகவே தோன்றாது. 1946-இல் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகையின் மார்கரெட் பூர்க்-வைட் அம்மையார் புனாவில் மகாத்மா ராட்டை சுற்றுவதைப் படம் எடுக்க வந்தபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளும்படி காரியதரிசி சொன்னாராம். வேடிக்கை போல் இருந்தாலும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு வேலையின் தாளம் தெரிந்தவனுக்குத்தான், எந்தக் கணத்தில் கை உயரும், எந்தக் கணத்தில் நூல் நீளும் என்று முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவது, சிக்கனத்தைப் பற்றியது. கன்ஷியாம்தாஸ் பிர்லா கொடுத்த நூறு ரூபாயைக் கொண்டு கனு ஒரு ரோலிஃப்ளெக்ஸ் காமிரா வாங்கினார். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றருகே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலேயுள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும். படம் எடுக்கிறவன் தன் எதிரே இருப்பவருக்குத் தலை வணங்கி நிற்பது போலவே இருக்கும்! ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் காசு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் யோசனை.

இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கும் கைபேசிக்குச் சுருளும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு கோயிலுக்குப் போய் வருவதற்குள் இருநூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் இரண்டையாவது மறுநாள் எடுத்துப் பார்க்கிறோமா? சேவாகிராமத்துக்குப் போகிறவர்கள் அன்று ஒரு நாள் மட்டும் பன்னிரண்டு படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று விரதம் பூண்டு பார்க்கலாம். துடைப்பத்தின் கோடுகள் படிந்த முற்றம், உலரும் கதர்த் துணி, அரசிலை நிழல், தண்ணீர்க்குடத்தின் விளிம்பு என்று கண்கள் தாமே தேடத் தொடங்கும். படம் பிறகு நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், அந்தத் தேடலின் இன்பம் கைவிட்டுப் போகாது.

இந்த மூன்றுடன், சொல்லாமலே விளங்கும் நான்காவது பாடம் ஒன்றும் உண்டு. 1944-ஆம் வருஷம் பிப்ரவரியில், சிறைவாசமாக இருந்த ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபா மகாத்மாவின் மடியில் உயிர் நீத்துக் கொண்டிருந்த தறுவாயில், கனு படம் எடுக்க அனுமதிக்கப்படவில்லை. எடுக்கத் தெரிவதைப் போலவே எடுக்காமல் இருக்கத் தெரிவதும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான். பிறர் துயரத்தின் முன்னால் காமிராவைத் தாழ்த்தாதவனுக்கு அவர்களுடைய சந்தோஷத்தைப் படம் பிடிக்கும் பாத்தியதையும் கிடையாது.

1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, டில்லியில் அந்தப் பேரிடி விழுந்தபோது, கனு நவகாளியில் சேவையில் இருந்தார். உலகம் முழுவதும் கண்ணீர் வடித்த அந்த வேளையின் படம் அவரிடம் இல்லை. அவர் விட்டுச் சென்றது மகாத்மாவின் சாதாரண நாட்கள். இன்று பாபு குடிலில் பாய் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. அவர் எப்படி உட்கார்ந்தார், எப்படிக் குனிந்து எழுதினார் என்பதை நமக்குச் சொல்பவை அந்தச் சாதாரண நாட்களின் படங்களே.

நம் வீட்டு ஆல்பங்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். கல்யாணக் கோலத்தில் பாட்டி இருக்கிறாள். அறுபதாம் கல்யாணத்தில் தாத்தா இருக்கிறார். ஐம்பது வருஷம் அடுப்பங்கரையில் நின்ற பாட்டியை, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய தாத்தாவை, ஆல்பத்தில் எங்கே தேடுவது? கல்யாணத்துக்குப் படக்காரர் வருவார். செவ்வாய்க்கிழமைக் காலைக்கு யாரும் வரமாட்டார். அந்தக் காலையைப் படம் எடுக்க வேண்டியவர் வீட்டிலேயே இருப்பவர்தான்.

வார்தா வரையில் போக முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. வெடிவிளக்கு வேண்டாம், உத்தரவு வேண்டாம், வீண் செலவு வேண்டாம் என்ற மூன்று நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டு, நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பாருங்கள். வெயில் சாய்வாக விழுகிற நேரமாக இருக்கட்டும்.